நாலு பிள்ளைகள், ஒரு அச்சகம், வீட்டுக்கல்வி: எல்லோரும் கேட்கும் கேள்விகள்

மதுரையில் கீழ்த்தளத்தில் எங்கள் அச்சகம், மாடியில் வீடு. மிஷின் பக்கம் கணவர். கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது என் வேலை. பிள்ளைகள் நான்கு பேர். பெரியவளுக்கு 14 வயது, பையனுக்கு 10, அடுத்தவளுக்கு 7, கடைக்குட்டிக்கு இரண்டரை. ஒருவரும் பள்ளிக்கூடம் போவதில்லை.

புரூஃப் பார்க்க வருகிறவர்கள், படிக்கட்டில் உட்கார்ந்து வகுத்தல் கணக்குப் போடும் பையனைப் பார்த்ததும் "தம்பிக்கு இன்னைக்கு லீவா?" என்று ஆரம்பிப்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி, அப்புறம் இன்னொன்று. ஐந்து வருடமாக வாயால் சொன்ன பதில்களை எழுதி வைக்கிறேன்.

பள்ளியிலிருந்து ஏன் நிறுத்தினீர்கள்?

பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது பெரியவள் மூன்றாம் வகுப்பு. கல்யாணங்கள் சுருங்கிப் போனதால் அச்சகத்திலும் வேலை இல்லை. வீட்டில் இருந்த ஒரே நல்ல போனில்தான் ஆன்லைன் வகுப்பும் நடக்க வேண்டும், வாடிக்கையாளரும் கூப்பிட வேண்டும். போன் வாடிக்கையாளருக்குப் போனது. நான் பாடப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்தேன்.

2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறந்தபோது, அவள் தானாகவே புத்தகம் எடுத்துப் படிக்கிற பிள்ளையாகியிருந்தாள். "இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்" என்றார் கணவர். அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை.

நாலு பேரையும் ஒரே நேரத்தில் எப்படி உட்கார வைக்கிறீர்கள்?

உட்கார வைப்பதில்லை. முதல் வருடம் முயன்று பார்த்தேன். கூடத்தில் பாய் விரித்து, எட்டரைக்கு மணி அடித்து, ஒவ்வொருவருக்கும் கால அட்டவணை ஒட்டி. மூன்று வாரம் ஓடியது. நாலாவது வாரம் அட்டவணையின் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது பாடத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். கதை, வரலாறு, அறிவியல், ஊர் சுற்றுவது எல்லாம் கூட்டுப்பாடம். கணக்கும் எழுத்துப் படிப்பும் தனிப்பாடம்.

கூட்டுப்பாடத்துக்கு ஒரு உதாரணம். கீழடி அருங்காட்சியகம் எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம். 2023 மார்ச்சில் திறந்தார்கள். ஒரே கூடத்தில் நாலு பேரும் நாலு விதமாகப் பார்த்தார்கள். பெரியவள் கரிமக் காலக்கணிப்பில் சிக்கிக்கொண்டாள். கரித்துண்டை வைத்து கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று எப்படிச் சொல்ல முடியும் என்ற கேள்வி அவளை ஐசோடோப்பு வரை கொண்டுபோனது. பையனுக்குப் பானை ஓட்டில் இருந்த தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்து பிடித்தது. ஒரு வாரம் வீட்டில் எல்லாப் பொருளிலும் பெயர் எழுதி ஒட்டினான், சமையலறை டப்பாவில் எது உப்பு எது சர்க்கரை என்று யாருக்கும் தெரியவில்லை. ஏழு வயதுக்காரி பானைகளை வரைந்தாள். கடைக்குட்டி வழுக்குகிற தரையில் ஓடினான். ஒரு பயணம், ஒரு டிக்கெட் செலவு, நாலு பாடம்.

தனிப்பாடத்தில் இந்தச் சலுகை கிடையாது. பின்னமும் கூட்டலும் ஒரே பலகையில் நடக்காது. ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம் நான் பக்கத்தில் உட்கார வேண்டும், அந்த இருபது நிமிடத்தில் வேறு யாரும் "அம்மா" என்று கூப்பிடக் கூடாது. கூப்பிடத்தான் செய்வார்கள். ஆனாலும் விதி விதிதான்.

வரிசை முக்கியம். பெரியவளின் பாடம்தான் கனம் என்று முன்பெல்லாம் அவளிடமிருந்து ஆரம்பிப்பேன். அதற்குள் சின்னது இரண்டும் வீட்டைப் புரட்டிப் போட்டிருக்கும். இப்போது கீழிருந்து மேலே. கடைக்குட்டிக்கு வயிற்றை நிரப்பி, மடியில் வைத்து இரண்டு கதை சொல்லிவிட்டால் ஒரு மணி நேரம் என்னை விட்டுவிடுவான். அடுத்து ஏழு வயதுக்காரி, பிறகு பையன், கடைசியில் பெரியவள். அவளுக்கு என் நேரம் தேவைப்படுவது சந்தேகம் கேட்க மட்டும்தான்.

அப்படியென்றால் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கிறார்கள்?

சின்னவளுக்கு உட்கார்ந்து படிப்பது முக்கால் மணி நேரம். பையனுக்கு ஒன்றரை. பெரியவளுக்கு நாலு, அதில் ஒன்றரை மணி நேரம் விடியற்காலையில். குழாய்த் தண்ணீர் பிடிக்க நான் ஐந்தரைக்கு எழும்போது அவளும் எழுந்துவிடுவாள். வீட்டில் அமைதி இருப்பது அந்த நேரம் மட்டும்தான்.

"இவ்வளவுதானா?" என்று முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் வருகைப் பதிவு, நோட்டுத் திருத்துவது, வரிசையில் நிற்பது, மற்றவர்கள் முடிக்கும்வரை காத்திருப்பது எல்லாவற்றையும் கழித்துவிட்டு, ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் தனியாகத் தரும் நிமிடங்களை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர்மேல் குறை சொல்லவில்லை. ஒருவர் நாற்பது பேரைப் பார்க்கிறார், நான் நாலு பேரைப் பார்க்கிறேன், கணக்கு அவ்வளவுதான்.

லீவு உண்டா?

உண்டு. காலண்டர்தான் வேறு. எங்கள் கல்வியாண்டு முகூர்த்தத்தை ஒட்டிப் போகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது, புரட்டாசியிலும் குறைவு. அந்த மாதங்களில் மிஷின் ஓய்ந்திருக்கும், நானும் மாடியிலேயே இருப்பேன். புதுப் பாடம், கடினமான பாடம் எல்லாம் அப்போதுதான். ஆவணி, தை, வைகாசியில் பத்திரிகை வேலை குவியும். அந்த நாட்களில் படித்ததைத் திரும்பப் பார்ப்பதும் வாசிப்பும் மட்டும். புது அத்தியாயம் தொடங்கினால் பாதியில் நிற்கும், நிற்பதைவிடத் தொடங்காமல் இருப்பது மேல்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஜூனில் ஆரம்பித்து ஏப்ரலில் முடிக்க வேண்டும் என்று யாரோ என் மண்டைக்குள் எழுதி வைத்திருந்தார்கள். வீட்டுக்கல்வி தொடங்குகிறவர்கள் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்: உங்கள் வீட்டுத் தொழிலுக்கு எப்போது மூச்சு முட்டுகிறது என்று பாருங்கள். விவசாய வீடாக இருந்தால் நடவும் அறுப்பும், ஜவுளிக்கடை என்றால் தீபாவளி. அந்த மாதங்களில் பாடத்தை ஓட்ட முயன்றால் பாடமும் போகும், உங்கள் நிதானமும் போகும்.

சித்திரைத் திருவிழாவுக்கு முழு விடுமுறை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் பின்னக் கணக்கு போடச் சொன்னால் அப்பத்தா என்னை வீட்டை விட்டு இறக்கிவிடுவார்.

பிள்ளைகளை அச்சகத்தில் வேலை வாங்குகிறீர்களோ?

நேரடியாக இப்படிக் கேட்டவர் ஒருவர்தான், மனதுக்குள் கேட்பவர்கள் நிறையப் பேர். நியாயமான கேள்வி. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை குடும்பத் தொழிலில் கைகொடுக்கலாம். ஆனால் அபாயமான வேலையாக இருக்கக் கூடாது, பள்ளி நேரத்தில் கூடாது. எங்கள் வீட்டில் பள்ளி நேரம் என்று மணி அடிப்பதில்லை என்பதால், கோட்டை நாங்களே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. தரையில் உண்மையாகவே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இருக்கிறது. கட்டிங் மிஷினும் ஆஃப்செட்டும் அதற்கு அந்தப் பக்கம். பெரியவளே ஆனாலும் தாண்டக் கூடாது. முகூர்த்த நெருக்கடியில் கவர் மடிக்க ஆள் குறைந்தாலும் பிள்ளைகளைக் கூப்பிடுவதில்லை. ஒருமுறை கூப்பிட்டோம். ராத்திரி பத்தரைக்குப் பையன் கவரின்மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அன்றோடு நிறுத்தினோம்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தே கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. பையனுக்குப் பரப்பளவு புரிந்தது பேப்பர் கட்டில்தான். கட்டின்மேல் 80 ஜி.எஸ்.எம். என்று போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 80 கிராம் என்று அர்த்தம். ஏ0 தாள் சரியாக ஒரு சதுர மீட்டர், அதை நாலு தடவை பாதியாக மடித்தால் ஏ4, அதாவது பதினாறில் ஒரு பங்கு. அப்போது ஒரு ஏ4 தாள் 5 கிராம், 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ. கணக்குப் போட்டு முடித்துவிட்டு, நம்பாமல் கட்டைத் தராசில் தூக்கி வைத்துப் பார்த்தான். சரியாக வந்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பின்னம், அடுக்கு, அலகு மாற்றம் மூன்றும் ஒரே மதியத்தில் முடிந்தன.

பெரியவளின் தமிழ் இலக்கணம் புரூஃபில் வளர்ந்தது. "திருமணப் பத்திரிகை"யில் ப் போட வேண்டும், "திருமண விழா"வில் எதுவும் வேண்டாம், ஏன்? வல்லினம் மிகும் இடம் பற்றிப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பதைவிட, ஐந்நூறு பத்திரிகை அச்சாகும் முன் விட்டுப்போன ஒரு ஒற்றெழுத்தைப் பிடிப்பது நன்றாக மனதில் நிற்கிறது.

சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் இது சாத்தியமா?

சாத்தியம்தான், ஆனால் சத்தமாக இருக்கும். அவன் தூங்கும் மதியம் ஒன்றரை மணி நேரத்தைத் தங்கம் போலச் செலவழிக்கிறேன். அந்த நேரத்தில் பாத்திரம் தேய்ப்பதில்லை. அவன் விழித்திருக்கும்போதும் தேய்க்கலாம், ரசித்துப் பார்ப்பான்.

மாமியார் என்ன சொன்னார்கள்?

முதல் ஆறு மாதம் பேசவில்லை. "நானே அஞ்சாவதோட நின்னவ, என் பேத்தியுமா?" என்று ஒருநாள் அழுதார். அந்த அழுகைக்கு என்னிடம் பதில் இல்லை. பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட ஒரு தலைமுறைக்கு, நாமாகவே வேண்டாம் என்று சொல்வது எப்படி இருக்கும் என்று அதுவரை யோசித்ததே இல்லை.

வாதம் பண்ணி அவரை மாற்றவில்லை. மதிய வகுப்பு அவருடையதானது. பல்லாங்குழியில் பதினாலு குழிக்கும் காய் போட்டு எண்ணி எண்ணியே ஏழு வயதுக்காரி கூட்டல் கற்றாள். தாயத்தில் பையனோடு அப்பத்தா சண்டையே போடுவார். பெரியவள் அவருக்குத் தினமும் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவாள், நடுவில் அவர் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்பார். இன்றைக்கும் முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். சொந்தக்காரர்கள் கேட்டால் மட்டும் "எங்க வீட்டுல நாந்தான் டீச்சர்" என்கிறார்.

சட்டப்படி இது சரியா?

மறைக்காமல் சொல்கிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி என்கிறது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அதன் பத்தாவது பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் விதிக்கவில்லை. வீட்டுக்கல்வி என்ற சொல்லே அதில் இல்லை, தடையும் இல்லை, அனுமதியும் இல்லை. இந்த இடைவெளியில்தான் நாங்கள் நிற்கிறோம். இது அசௌகரியமாக இருந்தால் தொடங்காதீர்கள்.

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு வரும் ஆசிரியரிடம் பொய் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டுக்கு வந்தவரை உட்கார வைத்து, மோர் கொடுத்து, பிள்ளைகளின் நோட்டுகளைக் காட்டினோம். பையனை ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார். அவர் வேலை, பட்டறைக்கோ ஓட்டலுக்கோ அனுப்பப்படும் பிள்ளையைக் கண்டுபிடிப்பது. அந்த வேலை சரியாக நடக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். தேதி போட்ட நோட்டுகளை வருடவாரியாகக் கட்டி வையுங்கள், பேச்சைவிட அது உதவும்.

சர்டிபிகேட்டுக்கு என்ன வழி?

பெரும்பாலான வீட்டுக்கல்விக் குடும்பங்கள் போகும் வழி என்.ஐ.ஓ.எஸ்., தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989இல் தொடங்கியது, மத்திய அரசின் வாரியம். 14 வயது நிறைந்திருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம் தேர்ச்சி பெற வேண்டும், தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம். பொதுத் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டிய கட்டாயமில்லை என்பதுதான் பெரிய வசதி. பெரியவள் முதலில் தமிழும் மனையியலும் எழுதப் போகிறாள், கணக்கையும் அறிவியலையும் அடுத்த தடவைக்கு வைத்திருக்கிறாள். வீட்டில் எழுதி அனுப்பும் ஒப்படைப்புக்கு 20 சதவீத மதிப்பெண் உண்டு, அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வும் இருக்கிறது.

மாநில வழியும் உண்டு. எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதிவிட்டு மேலே போகலாம். சான்றிதழ் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலேயே வேண்டும் என்றால் இது பொருந்தும்.

எல்லாப் பாடமும் உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது. நான் பி.காம். எட்டாம் வகுப்பு இயற்கணிதத்துக்கு மேலே பெரியவளிடம் "எனக்குத் தெரியலடி, பார்ப்போம்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அரசுப் பாடப்புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் அப்படியே. இயற்பியலுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாரம் இரண்டு நாள் வருகிறார். நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்த பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான். குழந்தைகள் பிரிவில் சின்னது இரண்டையும் கணவர் பார்த்துக்கொள்வார், பெரியவள் மேல் தளத்துக்குப் போய்விடுவாள், நான் ஒரு மணி நேரம் யாருடைய அம்மாவாகவும் இல்லாமல் உட்கார்ந்திருப்பேன்.

செலவு?

புத்தகத்துக்கும் நோட்டுக்கும் அதிகம் ஆகாது, எங்களுக்கு நோட்டு வெட்டுத்தாளிலேயே தைத்துவிடலாம். உண்மையான செலவு என் நேரம். சீசனில் தினமும் இன்னும் இரண்டு பத்திரிகை வடிவமைக்கலாம், செய்வதில்லை. அந்த வருமானம் போகிறது என்பதைக் கணவனும் மனைவியும் முன்பே பேசிவிட வேண்டும். பேசாவிட்டால் ஒரு நாள் சண்டையில் வெளியே வரும்.

நண்பர்கள் இல்லாமல் வளர மாட்டார்களா?

சின்னவர்களுக்கு இதுவரை பிரச்சினை இல்லை. தெரு இருக்கிறது, சாயங்காலம் சிலம்பம் இருக்கிறது. பெரியவளுக்குப் பதிமூன்று வயதில் கஷ்டமாக இருந்தது. தெருத் தோழிகள் பேசுவதெல்லாம் அவர்கள் வகுப்பு, அவர்கள் டீச்சர், அவர்கள் பரீட்சை. இவள் நடுவில் சிரித்துக்கொண்டு நிற்பாள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிட்டோம். எல்லோரும் ஒரே பாடத்தைத் தட்டும் இடம், இவளும் அதில் ஒருத்தி. கொஞ்சம் சரியானது. முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய்.

நீங்கள் செய்த பெரிய தவறு?

பையன் வாசிக்கிறான் என்று நம்பியது. ஏழு வயதில் கதைப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று சொல்வான். அப்பத்தாவுக்குப் பெருமை, எனக்கும்தான். எட்டாவது வயதில் ஒருநாள் புதிதாக அச்சான நோட்டீஸைக் கொடுத்தேன், ஒரு வரி நகரவில்லை. அக்கா வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு எல்லாப் புத்தகத்தையும் மனப்பாடம் செய்திருந்தான். நான் கேள்வி கேட்டால் அக்கா பதில் சொல்வாள், இவன் தலையாட்டுவான். பல பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நடுப்பிள்ளை ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது.

அதோடு முடியவில்லை. புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் பிடிக்கிறானே என்று கண் மருத்துவரிடம் போனால், இரண்டு கண்ணிலும் பவர். பள்ளியில் இருந்திருந்தால் ஏதாவது ஒரு பரிசோதனை முகாமில் பிடித்திருப்பார்கள். பள்ளிக்கூடம் பாடம் மட்டும் தருவதில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது என் டைரியில் ஒரு பக்கம் இதற்கே: வருடம் ஒருமுறை கண், பல். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டி.டி. (ரண ஜன்னி, தொண்டை அடைப்பான்) தடுப்பூசி. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்கேயே கிடைக்கும் இவற்றை, நாம் அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்டு வாங்க வேண்டும்.

அன்றிலிருந்து தினமும் பத்து நிமிடம், பின்பக்கப் படியில், ஒருவர் மட்டும் என்னிடம் வாசிக்க வேண்டும். இதுவரை பார்க்காத பக்கமாக இருக்க வேண்டும்.

பிள்ளை பள்ளிக்குப் போக ஆசைப்பட்டால்?

ஆசைப்பட்டிருக்கிறாள். ஏழு வயதுக்காரி. கார்த்திகை மாதம் ஒருநாள், எதிர்வீட்டுப் பெண் ஆண்டுவிழா உடுப்பைக் காட்டிவிட்டுப் போனதும், "நானும் போகட்டுமா?" என்றாள். உடுப்புக்காகக் கேட்கிறாள் என்று விட்டுவிட்டேன். தை பிறந்த பிறகும் கேட்டாள். எனக்குள் ஏதோ சுருங்கியது, அதை அவளிடம் காட்டவில்லை என்று நினைக்கிறேன். கணவரிடம் சொன்னபோது, "நாலு பேருக்கும் ஒரே அளவுல கட் பண்ண இது பத்திரிகையா?" என்றார்.

சட்டம் இதில் பிள்ளையின் பக்கம் நிற்கிறது. 14 வயதுக்குள் எப்போது வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், ஈடுகொடுக்கச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று மறுக்க முடியாது. பக்கத்துத் தெரு அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்தோம். பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் கொண்டுவரச் சொன்னார், ஜூனில் மூன்றாம் வகுப்பு.

இப்போது அவளுக்கு வீட்டில் தனிப் பயிற்சி நடக்கிறது. பாடத்தில் இல்லை. மணி அடிக்கும்வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பது, ஆசிரியர் வேறு ஒருவரிடம் கேட்கும்போது குறுக்கே பதில் சொல்லாமல் இருப்பது. நடத்துவது அண்ணன். கையில் ஸ்கேல் வைத்திருக்கிறான், அவன் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போனதில்லை.